தோட்டத்து வீட்டின் வரவும் செலவும்

பொருளை ஈட்டுவது எத்துணை அருமையோ, ஈட்டிய பொருள் எவ்வழியே சென்றது என்று அறிந்து வைப்பதும் அத்துணை அருமையாகும். ஆண்டுதோறும் நிதி அமைச்சர் பாராளுமன்றத்திலே நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிறார். பத்திரிகைகள் அதனைப் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. தேநீர்க் கடைகளிலே நாமும் அதைப் பற்றி வாதாடுகின்றோம். ஆனால், அக்கடையிலிருந்து எழுந்து வீடு செல்லும் ஒருவரை நிறுத்தி, "சென்ற மாதம் உங்கள் வீட்டில் கோதுமை மாவுக்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று வினவினால், விடை கூறவல்லவர் மிகச் சிலரே. நாட்டுக் கணக்கில் நமக்குள்ள ஊக்கம் வீட்டுக் கணக்கில் இல்லை.

வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், "இருப்பவனுக்கல்லவா கணக்கு? இல்லாதவனுக்கு என்ன கணக்கு வேண்டியிருக்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி, புறக்கணிக்கத் தக்கதன்று. நாட்கூலி பெற்று வாழ்வோரை நோக்கி, வயிறு நிறைந்தவர் ஒருவர் சிக்கனத்தைப் போதிப்பது எளிது. கேட்பவருக்கு அது எரிச்சலையே தரும். ஆகவே இன்றைய பேச்சிலே சிக்கனத்தைப் போதிப்பது நம் நோக்கமன்று. உழைப்பவருடைய கணக்கை எழுதும் கோல் யார் கையில் இருந்தது, இனி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இதற்கு மலைநாட்டிலே புசல்லாவையைப் போலத் தகுந்த இடம் வேறில்லை எனலாம்.

கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே, குளிர் தொடங்குமிடத்தில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. தெருவின் இருமருங்கும் கடைகள். அவற்றுக்கு மேலும் கீழும் தேயிலை மலைகள். இவ்வூரை அடுத்துள்ள ரொத்சைல்ட் தோட்டத்திலேதான், கோப்பி செழித்திருந்த காலமாகிய 1841 ஆம் ஆண்டிலே, டி வோம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே வாணிக முறையில் தேயிலை பயிரிட்ட 1867 ஆம் ஆண்டுக்கும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முற்பட்ட செய்தி இது. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை மலைகளை ஆண்டது. பயிர் மாறிற்று. ஆனால் அப்பயிரை வளர்க்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் கடன் மாறவில்லை.

அக்கடன் எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று நோக்குவோம். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலான பகுதிகளிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவு, துணிமணி, ஊரில் விட்டு வந்த பழைய கடனைத் தீர்க்கும் தொகை ஆகியவற்றை முற்பணமாகத் தோட்டம் கங்காணியிடம் கொடுத்தது. கங்காணி அதனைத் தொழிலாளியின் பெயரில் எழுதிக்கொண்டார். தொழிலாளி மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே கடனாளியாகிவிட்டார். அரிசியைத் தோட்டமே வழங்கிக் கூலியிலே கழித்துக்கொண்டது. மற்றச் சாமான்களுக்குப் பல இடங்களில் கங்காணியின் கடையே கதியாயிற்று. கூலியைக் கணக்கிட்டவர் ஒருவர், கழித்தவர் ஒருவர், கடையில் பற்று எழுதியவர் ஒருவர். உழைத்தவர் மட்டும் எதையும் எழுதவில்லை. அவருக்கு எழுதக் கற்பித்தாரும் இல்லை.

இம்முறையின் உச்சமே 'துண்டு' என்பது. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர்கள் பேரிலுள்ள கடன் தொகையைக் குறித்து ஒரு கடுதாசித் துண்டு எழுதப்படும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டம் அவர்களை ஏற்றுக்கொள்ளலாம். மனிதர் தோட்டம் மாறினர். கடனும் நிழல் போல உடன் சென்றது. தொகை சரிதானா என்று வினவும் வகை அத்துண்டிலே பெயர் கண்ட தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1921 ஆம் ஆண்டிலே சட்டம் இம்முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டிலே இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன்படி 1929 ஆம் ஆண்டிலே மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் என்று கூலி வரையறுக்கப்பட்டது.

சட்டம் துண்டை ஒழித்தது. துண்டு வளர்த்த மனப்பான்மையை ஒழிப்பது சட்டத்தால் இயலுவதன்று. கணக்கு என்பது வேறு யாரோ எழுதுவது, நாம் கைநாட்டு வைப்பது மட்டுமே என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போயிற்று. கங்காணியின் ஏடு மறைந்த இடத்திலே கடைக்காரரின் பற்றுக் கொப்பி வந்தது. அதன்பின் அடகுச் சீட்டு வந்தது; இன்று தவணைக் கடன் அட்டையும், முச்சக்கர வண்டிக்கான குத்தகைப் பத்திரமும், கைத்தொலைபேசிக்கான மாதக் கட்டணமும் வந்துள்ளன. இவற்றுள் ஒன்றையேனும் உழைப்பவர் தம் கைப்பட எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பிறர் எழுதும் கணக்குகளின் நடுவே நம் கணக்கு ஒன்று இல்லாதிருப்பதே முதற் குறை.

இரண்டாவதாக, தோட்டத்து வருவாயின் இயல்பை அறிதல் வேண்டும். அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறுபவருக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கோ 'பேர்' விழுந்த நாட்களுக்கே கூலி. குறித்த நிறை கொழுந்து பறிக்காவிடில் அரைப் பேர்தான். அதற்கு மேற்பட்டால் கைக்காசு. ஆகவே வானத்தைப் பார்த்தே வருவாய் அமைகிறது. தை, மாசி மாதங்களின் வறட்சியிலே கொழுந்து குறைகிறது. சித்திரை மழைக்குப் பின் மலை தளிர்க்கிறது. ஆனி, ஆடி மாதங்களின் ஓயாத மழையும் குளிரும் மீண்டும் தளிரை ஒடுக்குகின்றன.

செலவுகளோ வானத்தைப் பார்த்து வருவதில்லை. கொழுந்து குன்றிய தை மாதத்திலேதான் பொங்கல் வருகிறது. பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதே நம் நாட்டு மரபாகையால், கொப்பியும் சப்பாத்தும் அப்போதே வேண்டியுள்ளன. ஐப்பசியில் தீபாவளி; அதற்குத் தோட்டம் முற்பணம் கொடுக்கிறது. அதைத் தவணை தவணையாகக் கழிக்கத் தொடங்கும்போது, வறட்சி மாதங்களும் வந்து சேர்கின்றன. வருவாய் தாழும் காலமும் கழிவு ஏறும் காலமும் ஒன்றாய்ப் பொருந்திவிடுகின்றன. ஆண்டுதோறும் மாசி மாதத்திலே பல வீடுகள் புதிதாகக் கடன்படுவதற்கு ஊதாரித்தனம் காரணமன்று, நாட்காட்டியே காரணம். நோய் எதுவென்று தெரிந்தால்தானே மருந்து தேடலாம்?

வெளிநாட்டு அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியையும் ஈண்டு நினைவுகூர்வது பொருத்தம். ஜெர்மனியிலே எர்ன்ஸ்ட் எங்கல் என்ற புள்ளிவிவர அறிஞர், தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, 1857 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். குடும்பம் எவ்வளவு வறியதோ, அவ்வளவுக்கு அதன் வருவாயில் உணவு கொள்ளும் பங்கு பெரிதாகும் என்பதே அது. இதன் பொருள் என்ன? உணவின் விலை ஏறும்போது செல்வர் வீட்டில் சிறு சலனம் உண்டாகிறது. ஏழை வீட்டின் கணக்கோ அடியோடு சரிகிறது. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்திய ஆண்டின் அதே மாதத்தை நோக்க, விலைகள் மொத்தத்தில் 69.8 வீதமும், உணவின் விலை 94.9 வீதமும் ஏறியிருந்தன. ரொட்டியையே காலை உணவாகக் கொண்ட லயங்களுக்கு அக்காலம் எப்படியிருந்தது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய வேளையில், "கண்டபடி செலவழிப்பதனால்தான் கடன்" என்று கூறுவது அறியாமை.

அங்ஙனமாயின், கணக்கு எழுதுவதால் பயன் என்ன? பயன் உண்டு. மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று அறிந்தவர் அவ்விடத்திலே பாத்திரம் வைக்கலாம் அல்லவா? அதுபோன்றதே வீட்டுக் கணக்கு.

ஜப்பானிலே ஹனி மொட்டோக்கோ என்ற பெண் பத்திரிகையாளர், 1904 ஆம் ஆண்டிலே, குடும்பப் பெண்கள் நாள்தோறும் வரவு செலவு எழுதுவதற்கென ஒரு குறிப்பேட்டை அச்சிட்டு வெளியிட்டார். இன்றும் அந்நாட்டு வீடுகளில் அவ்வழக்கம் நின்று நிலவுகிறது. அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். நம் வீட்டிலே ஐந்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைக்கு அது தெரியும். பாடசாலைக் கொப்பி ஒன்றில் நான்கு நிரல்கள் கீறிக்கொள்ளுங்கள். முதல் நிரலில் நாள், இரண்டாவதில் வரவு, மூன்றாவதில் செலவு, நான்காவதில் கடைக்குக் கொடுக்க வேண்டிய பற்று. அடுப்பங்கரை ஆணியிலே ஒரு நூலில் பென்சிலோடு அதைத் தொங்கவிடுங்கள். இரவில் உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் போதுமானது.

முதல் மாதத்திலே எந்தச் செலவையும் குறைக்க முயல வேண்டாம். எழுதுவது மட்டும் செய்யுங்கள். குறைக்க வேண்டும் என்ற அச்சம் இருந்தால் மனிதர் உண்மையை எழுதமாட்டார். வெற்றிலைக்குக் கொடுத்ததும், மாலையில் ஒரு போத்தலுக்குக் கொடுத்ததும், தொலைபேசிக்கு இட்டதும், கோயிலுக்குக் கொடுத்ததும் உள்ளபடியே எழுதப்பட வேண்டும். மாத முடிவிலே கூட்டிப் பார்க்கும்போது கொப்பி தானே பேசும். நாளொன்றுக்கு 200 ரூபா என்பது கையில் இருக்கும்போது சிறு தொகையாகத் தோன்றும். ஆண்டு முடிவில் அது 73,000 ரூபா. சிறு துளி பெருவெள்ளம் என்ற பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்று, செலவுக்கும் பொருந்தும். இதை மனைவி கணவனுக்கோ, கணவன் மனைவிக்கோ எடுத்துக் கூறினால் சண்டை எழலாம். எண்ணோடு சண்டையிடுவார் எவருமில்லை.

இரண்டாம் மாதத்தில் திட்டம் தொடங்கலாம். நாட்கூலி பெறுவோர் கைக்கொள்ள வேண்டிய தலையாய விதி ஒன்று உண்டு: குறைந்த மாதத்தின் வருவாயை அளவாகக் கொண்டு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. விகிதம் பின்னர் மாறினும் முறை மாறாது. ஆகையால் அதையே எடுத்துக்கொள்வோம். வறண்ட மாதத்தில் ஒருவருக்கு 16 பேர் விழுந்தால் கூலி 21,600 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதமாகிய 1,728 ரூபா கழிய, கைக்கு வருவது 19,872 ரூபா. கொழுந்து மிகுந்த மாதத்தில் 25 பேர் விழுந்தால் கூலி 33,750 ரூபா. கழிவு 2,700 ரூபா. கைக்கு வருவது 31,050 ரூபா. இரண்டுக்குமுள்ள வேறுபாடு 11,178 ரூபா.

நிறைந்த மாதத்து வருவாயை நம்பிச் செலவைப் பழக்கிக்கொண்ட வீடு, வறண்ட மாதத்தில் அந்தப் பதினோராயிரத்துக்குக் கடன்பட நேரிடும். குறைந்த மாதத்தை அளவாகக் கொண்ட வீடோ, நிறைந்த மாதத்தில் மிஞ்சுவதிலே ஒரு பகுதியையேனும் எடுத்து வைக்க முடியும். முழுவதையும் எடுத்து வைக்க யாராலும் இயலாது. பாதி போதும், மூன்றில் ஒன்றாயினும் போதும். அத்தொகை சேமிப்பு என்று எண்ணப்படலாகாது. அது தை, மாசி மாதங்கள் நம்மிடம் கொடுத்து வைத்த பணம்; அவற்றுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். இவ்வெண்ணம் மனத்திலே பதிந்தால், அதைத் தொடுவதற்குக் கை கூசும்.

கைக்கு வந்த தொகையைப் பிரிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. சம்பள நாளன்றே நான்கு உறைகளோ, நான்கு தகர டப்பாக்களோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது மாவு, அரிசி, மண்ணெண்ணெய் முதலிய அன்றாடத் தேவைக்கு, இரண்டாவது கடைப் பற்றுக்கும் கடன் தவணைக்கும், மூன்றாவது பிள்ளைகளின் கல்விக்கும் மருந்துக்கும், நான்காவது பண்டிகைக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றினால் கொப்பியில் எழுதிவிட்டு மாற்றுங்கள். தீபாவளிக்கென மாதம் 1,500 ரூபா எடுத்து வைக்கும் வீட்டுக்குப் பத்து மாதத்தில் 15,000 ரூபா கிடைக்கிறது. அந்த அளவுக்கு முற்பணத்தின் தேவை குறைகிறது. முற்பணம் பெற்றவரும் அதே தொகையையே பண்டிகைக்குப் பின் கழிக்கக் கொடுக்கிறார். கொடுக்கும் பணம் ஒன்றே. ஒருவர் பண்டிகைக்கு முன்னே கொடுக்கிறார், மற்றவர் பின்னே கொடுக்கிறார். முன்னே கொடுத்தவருக்கு மாசி மாதம் அச்சமூட்டுவதில்லை.

இனிக் கடனைப் பற்றிச் சில சொல்வோம். கடனே வேண்டாம் என்று கூறுவது ஏட்டுச் சுரைக்காய். நோயும் மரணமும் சொல்லிக்கொண்டு வருவனவல்ல. ஆயினும் கடனின் விலையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நம் உரிமை. நூற்றுக்கு மாதம் பத்து ரூபா வட்டி என்று ஒருவர் 10,000 ரூபா வாங்கினால், மாதம் 1,000 ரூபா வட்டியாகப் போகிறது. ஓராண்டில் 12,000 ரூபா கொடுத்த பின்னும் முதல் அப்படியே நிற்கிறது. வாங்கிய தொகையினும் மிகுதியாகக் கொடுத்தும் கடன் ஒரு சதமேனும் குறையவில்லை. பழைய துண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தவணைக் கடனிலே இன்னொரு நுட்பம் மறைந்துள்ளது. 12,000 ரூபாக் கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் வட்டி என்று கூறி, 2,880 ரூபாவை முதலோடு சேர்த்து, மாதம் 1,240 ரூபா வீதம் பன்னிரண்டு தவணை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 24 வீதம்தான். ஆனால் மாதந்தோறும் முதலில் 1,000 ரூபா திருப்பிக் கொடுக்கப்படுகிறதே! முதல் மாதத்தில் நம்மிடம் இருப்பது 12,000 ரூபா. அடுத்த மாதம் 11,000 ரூபா. கடைசி மாதம் 1,000 ரூபா மட்டுமே. சராசரி பார்த்தால் ஆண்டு முழுவதும் நம் கையில் இருந்தது 6,500 ரூபாதான். அதற்கு 2,880 ரூபா வட்டி என்றால், அது ஏறத்தாழ 44 வீதமாகிறது. ஆகையால் கடன் கொடுப்பவரிடம், "வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து வரும் மீதிக்கா?" என்று கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. அக்கேள்வி ஒன்றே பல ஆயிரம் ரூபா பெறும்.

நகை நம் பெண்களின் வங்கி. அவசரத்துக்கு அடகு வைத்து, கொழுந்து மிகுந்த மாதத்தில் மீட்பது தவறன்று. மீட்க இயலாமல் வட்டியை மட்டும் செலுத்திச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. அடகுச் சீட்டிலுள்ள முடிவு நாளைக் கொப்பியின் முதற் பக்கத்திலே பெரிய எழுத்தில் குறித்து வைப்பது நன்று. நாள் கடந்து ஏலம் போன தாலிக்கொடி மீண்டும் வருவதில்லை.

லயத்துப் பெண்கள் தாமாகவே நடத்தி வரும் சீட்டு முறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பத்துப் பேர் மாதம் 2,000 ரூபா வீதம் இட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 20,000 ரூபா கிடைக்கிறது. முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. கழிவு கூறி ஏலம் விடும் சீட்டிலோ, முந்தி எடுப்பவர் குறைத்து வாங்குகிறார். அக்குறைவே அவர் செலுத்தும் வட்டி. சீட்டு நடத்துவதை ஒழுங்குபடுத்த இந்நாட்டிலே 1935 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது என்பது, இவ்வழக்கம் எத்துணை பரந்தது என்பதைக் காட்டும். சீட்டின் அடிப்படை நம்பிக்கை. அறிமுகமில்லாதார் நடத்தும் பெருஞ்சீட்டைக் காட்டிலும், ஒரே லயத்தார் நடத்தும் சிறு சீட்டே பாதுகாப்பானது. அதிலும் ஒவ்வொருவரும் இட்ட தொகையையும் நாளையும் தத்தம் கொப்பியில் எழுதிக்கொள்வது அவசியம்.

தனி மனிதர் இயற்ற இயலாததைக் கூட்டுறவு இயற்றும் என்பதற்குக் கண்டி மாவட்டமே சான்று. 1906 ஆம் ஆண்டிலே தும்பறைப் பகுதியில் சிக்கன கடனுதவிச் சங்கம் தோன்றிற்று. ஐந்தாண்டு கழித்து, 1911 இல், கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. சட்டத்துக்கு முன்னரே மக்கள் கூடிவிட்டனர். சேமிப்பு வங்கிகளோ அதனினும் பழையன. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832 இலும், தபாலகச் சேமிப்பு வங்கி 1885 இலும் தொடங்கின. அவற்றை ஒன்றாக்கி 1972 ஆம் ஆண்டில் தேசிய சேமிப்பு வங்கி செயற்படலாயிற்று. தபாலகத்திலே சிறு தொகையையும் இடலாம் என்ற வசதி இவ்வாறு நூற்றாண்டு கடந்தது.

நாம் காணாமலே நம் பெயரில் வளரும் பணமும் உண்டு. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி அமைந்தது. தொழிலாளி 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் அதற்குச் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொள்வோர் மட்டும் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். முன் கூறிய கணக்கிலே, 20 நாள் வேலை செய்து 27,000 ரூபா பெற்றவர் பெயரில் அம்மாதம் இரு நிதிகளிலும் சேரவேண்டியது 6,210 ரூபா. அதில் அவருடைய கூலியில் கழிக்கப்பட்டது 2,160 ரூபா மட்டுமே. இவற்றோடு, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது பணிபுரிந்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வோராண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் உரியது.

இப்பணம் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வரவேண்டியது. ஆனால் வேண்டிய வேளையில் அது தடைப்படுவதற்குப் பெரும்பாலும் ஓர் எழுத்தே காரணமாகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நிறுவப் பல நாட்கள் அலைய நேர்கிறது. ஆகையால் இளமையிலேயே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டப் பயன்படுத்தாதீர்கள். மாதந்தோறும் அதைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். விழுந்த பேர் எத்தனை, கழிவு எவ்வளவு என்பதை நம் கணக்கோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்டால், வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தைக் காட்டிக் கேட்கலாம்.

கணக்கு யார் கையில் என்ற கேள்விக்கு மீண்டும் வருவோம். மலையேறிக் கொழுந்து கிள்ளுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும், நெடுங்காலமாக ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி என்றே இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் இருபாலார்க்கும் சமசம்பளம் கிடைத்தது 1984 ஆம் ஆண்டிலேதான். பெண் உழைத்த கூலியைச் சம்பள மேசையிலே கணவனோ தந்தையோ பெற்றுச் செல்லும் வழக்கமும் இருந்தது. கூடையைச் சுமப்பவர் ஒருவர், பையைச் சுமப்பவர் வேறொருவர் என்றால், எந்தத் திட்டமும் நிலைக்காது. கணவன், மனைவி இருவரும் அமர்ந்து, விபரம் அறிந்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதும் கணக்கே நிற்கும். பிள்ளைகளுக்கு வறுமையை மறைக்க வேண்டியதில்லை. கணக்கை அறிந்த பிள்ளை வீண் பொருள் கேட்டு அழுவதில்லை என்பது பெற்றோர் பலரும் கண்ட உண்மை.

சடங்கு, திருமணம், காதுகுத்து ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் மறைப்பதற்கில்லை. இவற்றை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாகாது. எட்டடிக் காம்பராவிலே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, ஊரார் நடுவே மணையில் அமரும் ஒரு நாள் பெருமை வேண்டாமா? மொய் எழுதும் வழக்கமும் ஒருவகைக் கூட்டுறவே. நாம் பிறருக்கு இட்டது நமக்கு வேண்டிய நாளில் திரும்பி வருகிறது. ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். சடங்குக்கு முன்னரே, கையிருப்பு இவ்வளவு, எதிர்பார்க்கும் மொய் இவ்வளவு, அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று கொப்பியில் ஒரு கோடு கீறிவிட வேண்டும். அண்டை வீட்டார் ஒலிபெருக்கி வைத்தார்கள் என்பதற்காக அக்கோட்டைத் தாண்டினால், ஒரு நாட் பெருமைக்கு மூன்றாண்டு வட்டி கொடுக்க நேரிடும்.

நேயர்களே, எத்துணைத் திறமையாகக் கணக்கு எழுதினும், போதாத கூலி போதுமானதாகிவிடாது. இதை ஒளிவுமறைவின்றிக் கூறிவிட வேண்டும். 2021 ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக்கப்பட்டது; அடுத்த ஆண்டின் விலையேற்றம் அவ்வுயர்வை விழுங்கிவிட்டது. இத்தகைய வேளையில் ஊதிய உயர்வு கோருவோருக்கு வலிமை தருவதும் கணக்கே. "எங்களால் வாழ முடியவில்லை" என்பது முறையீடு. "மாவுக்கு இவ்வளவு, பிள்ளையின் பயணத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு, குறைவது இவ்வளவு" என்பது சான்று. முறையீட்டைக் கேளாதார் போல் இருந்துவிடலாம். சான்றை அவ்வாறு தள்ளிவிட முடியாது. நூறு லயங்களில் நூறு கொப்பிகள் தொங்குமாயின், அவை ஒன்றுசேர்ந்து பேசும் மொழியைச் சம்பளம் நிர்ணயிப்போர் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இந்த மலைகளிலே நூறாண்டுக்கு முன் ஒரு கடுதாசித் துண்டு மனிதரைக் கட்டி வைத்தது. அத்துண்டை எழுதியவர் வேறொருவர் என்பதே அதன் கொடுமை. இன்று நாம் எழுதப்போகும் கடுதாசி நம் கைப்பட எழுதுவது. நம்மைக் கட்டுவதற்கன்று, நம் நிலையை நாமே அறிவதற்கு. அடுத்த சம்பள நாள் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதாத தாள்கள் இரண்டு மூன்று இருக்கும். இன்றிரவே ஒன்றை எடுத்து, இன்றைய செலவை எழுதுங்கள். நாளைக்கு நாளையதை எழுதலாம்.